மாத்தளை இளவரசன் படித்த பாடம்

மாத்தளையை ஆண்ட இளவரசன் ஒருவன் கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதிக்குப் போர்த்துக்கேய மொழியிலேயே கடிதம் எழுதினான் என்ற செய்தி நம்மவரில் பலருக்குத் தெரியாது. அவன் பெயர் விஜயபாலன். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் சகோதரன். இரத்தத்தால் தான் சிங்களவன் என்றாலும் பழக்கவழக்கத்தாலும் மனத்தின் சார்பாலும் போர்த்துக்கேயனே என்ற பொருள்பட அக்கடிதம் ஒன்றில் அவன் எழுதியிருக்கிறான். லிஸ்பனில் கிடந்த இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து, 1927 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் வரலாற்றறிஞர் பி. ஈ. பீரிஸ். ஆட்சிகள், போர்கள், உடன்படிக்கைகள் என்று நகரும் இலங்கை வரலாற்று நூல்களில் இந்தக் கடிதம் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே வந்துபோகும். என்னைப் பொறுத்தவரை அது அடிக்குறிப்பில் அடங்கும் விடயமல்ல.

விஜயபாலனை நான் மீண்டும் நினைக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சீகிரியாவும் தம்புள்ளைக் குகைக் கோவிலும் நாலந்தா கெடிகேயும் மாத்தளை மாவட்டத்துக்குள் இருப்பவை. அங்கே வரும் வெளிநாட்டவர்களில் ஸ்பானிய மொழி பேசுவோரும் உண்டு. சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்ய விரும்பும் மாத்தளைத் தமிழ் இளைஞர் ஒருவர், ஸ்பானிய மொழியை எங்கே தொடங்கிப் படிப்பது என்று என்னிடம் கேட்டார். "அந்த மொழியில ஒரு சொல்லும் தெரியாது ஐயா" என்பது அவருடைய முறைப்பாடு. குறைந்தது இருபது சொற்களாவது அவருக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம் பிள்ளைகள் பலரும் பாடசாலையில் இந்த மொழியைப் படிக்கிறார்கள். அவர்களும் நம்பமாட்டார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இலங்கைக்கு வந்தவர்கள் போர்த்துக்கேயர், ஸ்பானியர் அல்லர். ஆனால் ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் லத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். தமிழும் மலையாளமும் போல என்று சொல்லலாம். இன்னும் நெருக்கம் என்றும் சொல்லலாம். அரசியலிலும் ஒரு காலத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே முடிதான் இருந்தது. 1580 இல் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போனது. 1640 டிசம்பரில்தான் மீண்டது. கோட்டை இராச்சியத்தின் மன்னன் தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்ததும் அதே 1580 இல்தான். 1597 இல் தர்மபாலன் இறந்தான். அன்றுமுதல் 1640 வரை, ஏட்டளவில், கோட்டையின் அரசன் ஸ்பெயின் தேசத்து மன்னனே. நம் பாடநூல்கள் 'போர்த்துக்கேயர் காலம்' என்று ஒரே தலைப்பில் முடித்துவிடுகின்ற காலத்தின் கணிசமான பகுதி, உண்மையில் ஸ்பானிய மன்னர்களின் காலம்.

கண்டி அரச குடும்பத்திலும் அந்தத் தடம் உண்டு. கொனப்பு பண்டார என்ற பெயருடைய பிரதானி ஞானஸ்நானம் பெற்றபோது சூட்டிக்கொண்ட பெயர் டொம் ஜுவாவோ த அவுஸ்திரியா. 1571 இல் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்று ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ஸ்பானிய இளவரசன் டொன் ஹுவானின் பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கியவர்தான் பிற்பாடு போர்த்துக்கேயரை எதிர்த்து, முதலாம் விமலதர்மசூரியன் என்று கண்டியில் முடிசூடினார். அவருடைய பட்டத்தரசியும், அவருக்குப் பின் செனரத் மன்னனின் அரசியுமான தோன கத்தரீனா, மன்னாரில் போர்த்துக்கேயர் மத்தியில் வளர்ந்தவள். இரண்டாம் இராஜசிங்கன் அவளுடைய மகன்.

1617 இல் செனரத் போர்த்துக்கேயருடன் சமாதான உடன்படிக்கை செய்தான். இளவரசர்கள் பிரான்சிஸ்கன் துறவியரிடம் கல்வி பயின்றார்கள். போர்த்துக்கேயம் படித்தார்கள். அந்நாளில் போர்த்துக்கல் பிள்ளைகள் எழுத்துப் பழகியது 'கார்த்தின்யா' எனப்படும் சிறு ஏடுகளில். முதலில் எழுத்து, பிறகு அசை, பிறகு செபங்கள். நம் திண்ணைப் பள்ளியின் அரிச்சுவடியும் ஆத்திசூடியும் போல.

இனி அந்த இளைஞருக்குச் சொன்ன இருபது சொற்களுக்கு வருகிறேன். வீட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தாலே போதும். மேசை: ஸ்பானியத்தில் லா மேசா. அலுமாரி: எல் அர்மாரியோ. சப்பாத்து: எல் ஸபாத்தோ. பாண்: எல் பான். குசினி: லா கொசீனா. துவாய்: லா தொவாயா. உட்காரும் வாங்கு: எல் பாங்கோ. பொத்தான்: எல் பொத்தோன். கிணற்றடியில் சாத்தியிருக்கும் அலவாங்கு: லா பலாங்கா. தெருமுனைத் தவறணை: லா தபேர்னா. கோவில் பக்கம் போனால் பாதிரியார், குருசு: எல் பாத்ரே, லா குரூஸ். தோட்டத்தில் பப்பாசியும் கொய்யாவும்: லா பபாயா, லா குவயாபா. இவை எல்லாம் போர்த்துக்கேயத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. ஸ்பானியத்தில் அவற்றின் உடன்பிறப்புகள் இருக்கின்றன. மாத்தளைச் சந்தையில் பக்கத்துக் கடைச் சிங்களவரும் மேசைக்கு 'மேசய' என்பார், சப்பாத்துக்கு 'சபத்து' என்பார், பாணுக்கு 'பான்' என்பார். மொழிப் பிரச்சினையில் இத்தனை இரத்தம் சிந்திய நாட்டில், இரு தரப்பாரும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட சொத்து இதுதான் போலும்.

தமிழகத்தார் பூட்டுக்குச் 'சாவி' என்கிறார்களே, அதுவும் போர்த்துக்கேயம்; 'ஷாவெ' என்ற சொல். நாமோ 'திறப்பு' என்கிறோம். இந்த ஒன்றில் ஈழத்துத் தமிழ் தனித்தமிழாகிவிட்டது. ஸ்பானியத்தில் சாவிக்கு 'யாவே'. லத்தீனில் 'கிளாவிஸ்' என்று தொடங்கிய சொல் ஒரு மொழியில் 'ஷ' ஒலியாகவும் மற்றதில் 'ய' ஒலியாகவும் திரிந்தது. மழை பெய்தலைக் குறிக்கும் சொல்லும் அப்படியே: ஷொவேர், யொவேர். இப்படி ஓர் ஒலித்திரிபைப் பிடித்துக்கொண்டால் பத்துச் சொற்கள் தாமாகவே வந்து விழும்.

எல்லாம் இப்படி எளிதாக முடிந்துவிடாது. கதிரை என்பது போர்த்துக்கேயத்தின் 'கதெய்ரா'. அதே சொல் ஸ்பானியத்தில் 'கதேரா' என்று இருக்கிறது. ஆனால் பொருள் இடுப்பு. உல்லாசப் பயணியிடம் "கதேராவில் அமருங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை வாசகர் கற்பனைக்கு விடுகிறேன். கதிரைக்கு அவர்கள் சொல் 'சியா'. விறாந்தையை நினைத்துக்கொண்டு 'பராந்தா' என்றால் அது கைப்பிடிக் கம்பியைக் குறிக்கும். விசுக்கோத்தை நினைத்து 'பிஸ்கோச்சோ' என்று கேட்டால் மெதுவான கேக் வரும். லேஞ்சியின் உறவான 'லியென்சோ' அங்கே ஓவியம் தீட்டும் துணி. யன்னல் போர்த்துக்கேயத்தின் 'ஜனேலா'. ஸ்பானியர் சொல்வதோ 'வெந்தானா'. காற்றைக் குறிக்கும் 'வியெந்தோ' என்ற சொல்லின் உறவு அது. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்ற சொல்லை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஸ்பெயினுக்கும் புகாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமலே இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. நாம்தான் அந்த நல்ல சொல்லைக் கைவிட்டு ஜனேலாவைப் பிடித்துக்கொண்டோம்.

இலக்கணத்துக்கு வந்தால், ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் படிக்கிற தமிழர்கள் வேண்டாத சுற்றுவழியில் போகிறார்கள் என்பது என் கருத்து. ஆங்கிலேயனுக்குக் கடினமான பல இடங்கள் தமிழனுக்குப் பழகிய முற்றம். வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லான்: பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம், பேசுகிறார்கள். பேசுபவர் யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த விடயம் நமக்கு ஒரு வரிதான்.

இன்னொன்று, 'ஆக இருத்தல்' என்பதற்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உண்டு: ஸேர், எஸ்தார். ஐரோப்பிய மாணவர்களே தடுமாறும் இடம். நாம் தடுமாற வேண்டியதில்லை. "அவர் ஆசிரியர்" என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் ஸேர் வரும்: எல் எஸ் புரொஃபெசோர். "அவர் வீட்டில் இருக்கிறார்", "சுகமாக இருக்கிறார்" என்று நாம் 'இரு' போடும் இடத்தில் எஸ்தார் வரும்: எஸ்தா என் காஸா, எஸ்தா பியென். எல்லா இடத்திலும் இந்தக் கணக்குச் சரிவராது. தொடக்க மாணவருக்கு இது போதும். "எனக்குப் பாண் பிடிக்கும்" என்பதை அவர்கள் "மே குஸ்தா எல் பான்" என்பார்கள். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதை "மே துவேலே லா கபேஸா" என்பார்கள். பிடிப்பதும் வலிப்பதும் 'எனக்கு' நேர்கின்றன. நான் செய்யும் செயல்களல்ல. நான்காம் வேற்றுமை நன்றாகத் தெரிந்தவருக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஒலிகளும் அப்படித்தான். பெரோ என்றால் ஆனால். பெறோ என்றால் நாய். ரகர றகர வேறுபாடு அறிந்தவருக்கு இது விளையாட்டு. மஞானா என்றால் நாளை. நம் ஞகரம் அங்கே உயிரோடு இருக்கிறது. சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிர்களுக்கு நடுவே மென்மையாகவும் ஒலிக்கும் நம் தகரத்தின் பழக்கம் ஸ்பானியத் தகரத்துக்கும் உண்டு. 'ஒன்றுமில்லை' என்ற பொருளுடைய 'நாதா' என்ற சொல்லில் வரும் 'தா', நம் 'அது' என்பதில் வருகிற தகரமேதான்.

உண்மையான தொல்லை பால் பாகுபாட்டில்தான் தொடங்குகிறது. தமிழில் உயர்திணைக்கே ஆண்பால் பெண்பால். மேசைக்கும் பாணுக்கும் பால் கிடையாது. ஸ்பானியத்தில் எல்லாவற்றுக்கும் உண்டு. மேசை பெண், சப்பாத்து ஆண், பாண் ஆண், குருசு பெண். ஏன் என்று கேட்பதில் பயனில்லை. 'லா', 'எல்' என்ற முன்னொட்டுடன் சேர்த்தே மனனம் செய்வதுதான் வழி. ஆனால் இந்தப் பால் பாகுபாடு ஓர் இடத்தில் வரலாற்றையே சொல்கிறது. அதைப் புரிந்துகொள்ள மாத்தளையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ஏ9 வீதியின் இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன. மிளகுக்கு ஸ்பானியத்தில் 'லா பிமியெந்தா'. பெண்பால். கொலம்பஸ் மிளகைத் தேடிப் புறப்பட்டு, மிளகில்லாத அமெரிக்காவில் கால் வைத்தபோது, அங்கே கண்டது மிளகாயை. காரம் இருந்தது; மிளகல்ல. ஸ்பானியர் என்ன செய்தார்கள்? ஒரேயொரு விகுதியை மாற்றி, பெண்பாலை ஆண்பாலாக்கி, 'எல் பிமியெந்தோ' என்று பெயரிட்டார்கள். அதே காய் போர்த்துக்கேயக் கப்பல்களில் நம் கரைக்கு வந்தபோது தமிழர்கள் மிளகோடு 'காய்' சேர்த்து மிளகாய் என்றார்கள். அவர்களுடைய இலக்கணத்தில் பால் விகுதி இருந்தது, அதைப் பயன்படுத்தினார்கள். நமக்குத் தொகைச்சொல் இருந்தது, அதைப் பயன்படுத்தினோம். ஒரே புதுப்பொருளுக்கு இரண்டு இலக்கணங்கள் கண்ட விடைகள் அவை. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலும் சிங்களச் சமையலும் இன்று நினைத்துப் பார்க்க முடியாதவை. ஆனால் விஜயபாலனின் பாட்டன் காலத்தில் அது இந்தத் தீவில் புது விருந்தாளி.

அதே தோட்டங்களில் நின்று இன்னும் சில சொற்களைப் படிக்கலாம். கறுவாவுக்குக் 'கனேலா', சின்னக் குழல் என்று பொருள், சுருண்ட பட்டையைப் பார்த்து வைத்த பெயர். கராம்புக்குக் 'கிளாவோ', ஆணி என்று பொருள், அதன் வடிவைப் பார்த்தால் காரணம் விளங்கும். வனிலாவுக்கு 'வைனியா', வைனா என்றால் உறை, 'இயா' என்பது சிறுமையைக் குறிக்கும் விகுதி. சின்ன உறை. ஸ்பானியத்தில் எதையும் சின்னதாக்கிச் செல்லம் கொஞ்ச இந்த விகுதி உதவும். கோப்பிப் பயிரை 1869 முதல் நோய் தாக்கி அழித்தபின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் நடப்பட்ட கொக்கோ, மெக்சிக்கோவின் பழங்குடியினரிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட 'ககாவோ'. நெடுந்தொலைவு கடந்துவந்த அந்தக் காயைப் பறித்த கைகள், மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்துவந்த நம் மலையகத் தமிழரின் கைகள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்க வேண்டும்.

பாடம் ஒரு வழிப் பாதையாக மட்டும் இருக்கவில்லை. மறுதிசையில் நடந்தவர்களும் உண்டு. 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஸ்பெயினின் நவார் பகுதியைச் சேர்ந்தவர். செபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனனம் செய்து சொன்னவர். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார்தான் தமிழை உண்மையில் கற்றவர். அவர் 1549 வாக்கில் எழுதிய தமிழ் இலக்கணம், ஐரோப்பியர் எழுதியவற்றுள் முதலாவது. 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிபெயர்ப்பு. அந்தாவ் த புரொயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679 இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. அதன் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து 1966 இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் நம் தனிநாயகம் அடிகளார். போர்த்துக்கேயம், ஸ்பானியம் உள்ளிட்ட பல ஐரோப்பிய மொழிகள் கற்ற அடிகளார் இல்லாதிருந்தால் இவற்றில் எத்தனையை நாம் அறிந்திருப்போம் என்பது ஐயமே.

இவர்கள் எல்லோரும் ஒரு நோக்கத்துக்காக மொழி படித்தவர்கள். 1492 இல் முதல் ஸ்பானிய இலக்கணத்தை எழுதிய அந்தோனியோ த நெப்ரிஹா, மொழி எப்போதும் பேரரசின் துணையாகவே வந்திருக்கிறது என்ற கருத்தைத் தன் முன்னுரையில் இசபெல்லா அரசிக்குச் சொன்னார். கொலம்பஸ் கப்பலேறிய அதே ஆண்டு. நெப்ரிஹா சொன்னது உண்மைதானா என்பதற்குக் கண்டி அரண்மனையின் இரண்டு மாணவர்களைப் பார்க்கலாம்.

செனரத் தன் இராச்சியத்தை மூன்று இளவரசர்களுக்குப் பகிர்ந்தளித்தான். குமாரசிங்கனுக்கு ஊவா, விஜயபாலனுக்கு மாத்தளை, இராஜசிங்கனுக்குக் கண்டியும் முடியும். 1638 மார்ச் 28 அன்று கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. தளபதி தியோகோ த மேலோ கொல்லப்பட்டான். அதே ஆண்டு மே 23 அன்று இராஜசிங்கன் மட்டக்களப்பில் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் காவல் வைக்கலாம் என்ற கருத்துடைய ஒரு சிறு தொடரே பின்னர் பெரும் பிணக்கானது. மன்னன் தரப்புப் பிரதியில் அது இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் அது இருக்கவில்லை. ஒரு நிபந்தனைத் தொடர். இலக்கண வகுப்பில் ஒரு நாளில் கடந்துபோகும் விடயம். இலங்கையின் கரையோரக் கோட்டைகள் யாருக்குச் சொந்தம் என்பது அதில் தங்கியிருந்தது.

இராஜசிங்கன் அதன்பின்னும் நெடுங்காலம் ஒல்லாந்தருக்குக் கடிதம் எழுதினான். எழுதியது போர்த்துக்கேய மொழியில். எந்த மக்களை நாட்டைவிட்டுத் துரத்தினானோ அவர்களுடைய மொழியே அவனுடைய இராசதந்திர மொழி. துறவி கற்பித்த பாடத்தை அவன் ஓர் ஆயுதமாக எடுத்துக்கொண்டான். படித்து முடித்ததும் ஆசிரியரை மறந்துவிட்ட மாணவன்.

விஜயபாலன் மறக்கவில்லை. சகோதரர்களுக்கிடையே பகை முற்றியது. தன் பங்கு தனக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவனுக்கு இருந்தது. 1641 வாக்கில் இராஜசிங்கனுக்கு எதிராகக் கிளம்பித் தோற்று, மாத்தளையை விட்டுப் போர்த்துக்கேயரிடம் தஞ்சம் புகுந்தான். உள்ளத்தால் போர்த்துக்கேயன் என்று எழுதியவனை அவர்கள் எப்படி நடத்தினார்கள்? கொழும்பில் வைத்துக்கொண்டார்கள். பிறகு கோவாவுக்கு அனுப்பினார்கள். இராஜசிங்கனுக்கு எதிராக என்றாவது பயன்படக்கூடிய ஒரு காய் அவன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. படையும் கொடுக்கவில்லை, நாட்டையும் மீட்டுக் கொடுக்கவில்லை. கோவாவில் ஞானஸ்நானம் பெற்று டொம் தியோதோசியோ ஆனான். அன்றைய போர்த்துக்கல் முடிக்குரிய இளவரசனின் பெயரும் அதுவே. பெயர் ஒன்றுதான், முடி வரவில்லை. 1654 இல் கோவாவிலேயே இறந்தான். இரண்டு ஆண்டுகளில் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று; 1658 இல் யாழ்ப்பாணமும் போயிற்று.

சிங்கள வரலாற்றாசிரியர் சிலர் விஜயபாலனைத் துரோகி என்று ஒரு சொல்லில் தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்திரிகை வேலையில் எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன். குழந்தைப் பருவத்தில் படித்த மொழியே தன் வீடு என்று நம்பி, அந்த மொழிக்காரர்கள் ஒருநாளும் தன்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதைப் பிந்தி அறிந்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு. ஆங்கிலத்தை இப்படி நேசித்த நம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களை வாசகர்களும் அறிவார்கள். அண்ணன் தம்பியர் ஒரே ஏட்டில் ஒரே பாடத்தைப் படித்தார்கள். ஒருவன் மொழியை வைத்திருந்தான். மற்றவனை மொழி வைத்திருந்தது.

இளவரசன் போனான், மாத்தளையில் சிலர் வந்து தங்கினார்கள். கலேவெலைக்கு அண்மையில் வஹகோட்டை என்றொரு கிராமம் உண்டு. இராஜசிங்கன் சிறைப்பிடித்த போர்த்துக்கேயர்களின் வழித்தோன்றல்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள் என்பது அவ்வூரின் மரபு. கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள் தொடர்ந்து நிலைத்த கத்தோலிக்கக் குடியிருப்புகளில் அது ஒன்று. 1692 இல் கண்டிக்கு வந்து, 1711 இல் அங்கேயே மறைந்த கோவாக் குருவானவர் யோசேவ் வாஸ் இத்தகைய ஆயரற்ற மக்களைத் தேடித்தான் காடு மலை கடந்து நடந்தார். 2015 சனவரியில் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இன்று வஹகோட்டை அந்தோனியார் திருத்தலத்துக்குத் திருவிழாக் காலத்தில் பல ஊர்களிலிருந்தும் யாத்திரிகர் வருவர். தமிழரும் வருவர்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சில குடும்பங்கள் இன்னமும் ஒரு வகைப் போர்த்துக்கேயத்தைப் பேசுகின்றன. சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அதாவது தமிழ் இலக்கணத்தின்மேல் ஐரோப்பியச் சொற்களைப் போர்த்திய மொழி. நாம் அவர்களிடம் மேசையும் கதிரையும் வாங்கினோம்; அவர்கள் நம்மிடம் வாக்கியத்தையே வாங்கிக்கொண்டார்கள். இலாபம் யாருக்கு என்று மொழியியலாளர்தான் சொல்ல வேண்டும்.

வஹகோட்டையில் அதுவும் இல்லை. அங்கே வீட்டுமொழி சிங்களம், செபமொழி சிங்களம், வயலில் பேசுவதும் சிங்களம். போர்த்துக்கேயம் கரைந்துவிட்டது. மிச்சமிருப்பவை சிங்களக் கத்தோலிக்கர் எல்லோரிடமும் இருக்கும் சில சொற்கள்தான்: குருசிய, பாஸ்குவ, நத்தல. நம் கத்தோலிக்கரும் குருசு, பாஸ்கு, நத்தார் என்பார்கள். ஸ்பானியம் படிக்கப்போகும் மாத்தளை இளைஞருக்கு முதலிரண்டும் உதவும். லா குரூஸ், லா பாஸ்குவா. மூன்றாவதை மட்டும் அவர் புதிதாகப் படிக்க வேண்டும். நத்தாருக்கு ஸ்பானியர் சொல்வது 'நவிதாத்', பெண்பால்.